நுவரெலியாவுக்கு ஏற்றிய இருபத்துநாலு கன்று

ஜனவரி 4, திங்கள்

வாடைக்காற்று. விடியற்காலை நல்ல பனி, மணல் எல்லாம் ஈரம். விதைத் தேங்காய் நூற்றைம்பது பதித்தாகிவிட்டது. கிழக்கு வரிசை இன்னும் வெறுமை. அடுத்த வளவு ஆடு வேலிக்குள் புகுந்து ஏழு கன்றின் குருத்தைத் தின்றிருக்கிறது. ஆட்டுக்காரரிடம் முறையிட்டால், "ஆடு குருத்தத் தின்னாம என்ன, பாணும் பருப்புமா கேக்கும்" என்கிறார். இனி முள்வேலிதான்.

செய்ய: மோட்டருக்கு வாஷர். பல் டாக்டர் (இடது, கீழ்க் கடைவாய்). கன்றுக்குப் போட உரித்த தேங்காய் மட்டை (உரிமட்டை) ஒரு லொறி.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு மு. போன். மு. என்றால் முத்துராஜ், நுவரெலியா ஹோட்டல் தோட்டக்காரர். என்னை 'நானா' என்பார், அண்ணன் முறையில். செப்டம்பரில் இங்கிருந்து போன இருபத்துநாலு செவ்விளநீர்க் கன்றும் அவர் பொறுப்பு. அந்த ஹோட்டலில் கண்ணாடி மண்டபம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெளியே குளிரில் பல் கிட்டும். உள்ளே தென்னைக்குக் கீழே இருந்து மீன் சாப்பிட வேண்டுமாம். வசதி உள்ளவர்களுக்கு வருகிற ஆசைகள். கேட்டபோது சிரித்தேன். ஆனால் கன்றுகளை ஒவ்வொன்றாக நானே பார்த்து எடுத்தேன், நானே ஏற்றினேன். கூடவே மச்சானின் உப்பளத்து உப்பு ஒரு மூட்டை. தென்னைக்கு உப்புப் போடாமல் இந்தப் புத்தளக் கரையில் யார் வளர்த்தார்கள்? மாதம் ஒரு பிடி, தூரைச் சுற்றி. அப்படித்தான் மு.வுக்குச் சொல்லிவைத்தேன்.

இன்றைக்கு ஓலை நுனி கருகுகிறதாம்.

"எல்லாத்திலயுமா?"

"பதினாறுலங்க நானா. நுனியில ஆரம்பிச்சு உள்ளுக்கு வருது. காஞ்ச மாதிரி."

"உப்புக் காணாம இருக்கும். ரெண்டு பிடியாப் போடுங்க."

"சரிங்க நானா. ரெண்டு பிடி."

நான் சொல்வதை எல்லாம் மண்டபத்துப் பின்சுவரில் கரியால் எழுதிவைப்பாராம், மறக்காமலிருக்க. பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஜனவரி 6, புதன்

காற்று குறைவு. வெயில்.

மு. போட்டோ அனுப்பினார், பதினொன்று. கருகல் கூடியிருக்கிறது. அடியோலை மடிந்து தொங்குகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த மனிதர் செய்வதைக் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. நான் இங்கே கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவன். அவர்:
- தண்ணீரைச் சூடாக்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவைத்து ஊற்றுகிறார். அதுவும் கொஞ்சமாக, குளிரில் வேர் அழுகும் என்று
- மாலையில் கண்ணாடிக்கு உட்பக்கம் சாக்குத் தொங்கவிடுகிறார்
- ஹீட்டரின் நேர்க்காற்று படாமல் தொட்டிகளை நாளுக்கு நாள் திருப்பிவைக்கிறார்
- காலை ஆறு மணிக்கு வெப்பமானி பார்த்துக் கொப்பியில் குறிக்கிறார்

"வெளிய புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்குங்க நானா. உள்ள பதினெட்டுக்குக் கீழ ஒரு நாளும் எறங்கவிடல."

ஒரே ஒரு நாள், கண்ணாடியில் நீர் கோர்த்ததால், மத்தியானம் ஜன்னல் ஒன்றைக் கால் மணி நேரம் திறந்துவிட்டாராம். அதை மூன்று தரம் சொன்னார், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. அதனால் ஒன்றும் ஆகாது என்றேன்.

இந்த மாதக் கடைசியோடு அவருக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை முடிகிறது. கன்று பிழைத்து நின்றால் வேலை நிரந்தரம். ஹோட்டல் பின்னால் இரண்டு அறை வீடும் அவர்களுக்கே. மகள் அங்கேயிருந்து நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது அவள் இரண்டு பஸ் மாற வேண்டுமாம்.

பரீதா பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "நுவரெலியாவில ரெண்டாங் குடும்பம் வெச்சிரிக்கீங்க போல. எனக்கிட்ட இவ்வளவு நேரம் கதைச்ச நாள் எது?" என் பெண்டாட்டியின் வாய் அப்படி.

ஜனவரி 9, சனி

பல் பிடுங்கியாயிற்று. வாய் பாதி மரத்துப்போய், கஞ்சி மட்டும்.

காலையில் மு.: மூன்று கன்றில் குருத்து கையோடு வந்துவிட்டது. மெதுவாக இழுத்துப் பார்த்தாராம். வந்த குருத்தின் அடி பழுப்பாம். அதற்குப் பிறகு அந்தக் கன்றுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். "ஏதாச்சும் இருக்குங்களா நானா?"

பின்னேரம் ஹோட்டல் மனேஜர் போனில். நல்ல மனிதர், சிங்களத்தில் மரியாதையாகக் கதைப்பார். தென்னை ஏன் சாகிறது என்று கேட்டார். எனக்கு வாய் வேறு மரத்திருந்தது. குளிராக இருக்கும், தென்னைக்குக் குளிர் ஆகாது என்றேன். அவர் உடனே, ஒரு நாள் ஜன்னல் திறந்து கிடந்ததாகக் கேள்விப்பட்டேன், அதனாலா என்றார். தெரியாது, இருக்கலாம் என்றேன்.

'இருக்கலாம்' என்று ஏன் சொன்னேன்? புதன்கிழமைதான் ஒன்றும் ஆகாது என்று மு.வுக்குச் சொல்லியிருந்தேன். மனேஜர் கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

ஜனவரி 12, செவ்வாய்

லொறிக்காரர் அந்தோனி வந்தார். கரையிலிருந்து கருவாடு ஏற்றி மேலே நுவரெலியாவுக்குப் போய், மரக்கறி ஏற்றி வருகிற லொறி. பாலாவிச் சந்தியில் நிற்பாட்டிக் கூப்பிட்டார். லீக்ஸ் கட்டுகளுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி இரண்டு கன்று. செத்த மூன்றில் இரண்டை நான் பார்க்கட்டும் என்று மு. கொடுத்துவிட்டிருக்கிறார். வேர் மண்ணோடு, ஒரு மண் உதிராமல், கட்டுப் போட்டு. செத்த கன்றுக்கு இவ்வளவு பக்குவம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாமர நிழலில் அவிழ்த்தேன். சிவப்புக் களிமண், செங்கல் போல இறுக்கம். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. முதலில் பூஞ்சணம் என்று நினைத்தேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மச்சானின் உப்பு. உள்ளே கத்தியால் வெட்டிப் பார்த்தேன், வேர் வரைக்கும் கரிப்பு. வேர் நுனி எல்லாம் கருகிக் கிடக்கிறது.

சந்திக்கு ஓடிப்போய் அந்தோனியைக் கேட்டேன், கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்தீரா, அடியில் ஓட்டை உண்டா?

"ஓட்டையா? செம்புத் தொட்டி நானா, அடி மூடித்தான். கீழ பலகைத் தரை. ஒரு சொட்டுத் தண்ணி சிந்தினாலும் மனேஜர் சத்தம் போடுவாராம்."

இங்கே மணல். போட்ட உப்பு அடுத்த மழையில் கீழே போய்விடும். மழை இல்லாவிட்டால் நான் ஊற்றுகிற தண்ணீரில் போய்விடும். அங்கே களிமண், ஓட்டையில்லாத தொட்டி, குளிருக்குப் பயந்து அளந்து ஊற்றுகிற தண்ணீர். போட்ட உப்பு முழுக்க அங்கேயே. செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. கருக ஆரம்பித்த பிறகு இரட்டிப்பாகப் போடச் சொன்னதும் நான்தான். மண் எப்படி, தொட்டி எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. மூட்டை கட்டி அனுப்பினேன்.

குளிரை அந்த மனிதர் வென்றுவிட்டார். கன்றுகளைக் கொன்றது நான்.

ஜனவரி 13, புதன்

மு.வுக்குப் போன் எடுக்கவில்லை. மனேஜருக்கும் இல்லை. காலையில் எடுக்க நினைத்தேன், மோட்டர் பழுது. பகலில் வாஷர் வாங்கப் புத்தளம் போனேன், கடையில் ஆட்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தலையிடி.

இதெல்லாம் சாட்டு. எழுதும்போதே தெரிகிறது.

இந்தப் பக்கத்தில் தென்னை என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். மாதர் சங்கத்தில் வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் தில்லையடியில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுச் சஹன் தட்டைச் சுற்றி இருந்தபடியே மூன்று பேர் வண்டு மருந்து கேட்டார்கள். அதற்குப் பழகிவிட்டேன். உப்பைப் போட்டுக் கன்றைச் சாகடித்தவன் என்று கதை வந்தால் கருவாட்டு லொறிகளோடு அது கல்பிட்டி வரைக்கும் போய்விடும்.

பரீதா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். அவள் கேலி செய்யவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அந்த மனிசன்ல பிழையில்லையே."

"இல்ல."

"அப்ப சொல்லிருங்க. அந்தப் புள்ளட பள்ளிக்கூடம் இரிக்கி."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு," என்றாள்.

ஜனவரி 15, வெள்ளி

மேகம். மூன்று தூறல்.

ஜும்ஆ முடிந்து வரும்போது ஒருவர் மறித்து, புதுக்கிணறு தண்ணீர் உப்புச் சவர், தென்னைக்கு ஆகுமா என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மு. போன் எடுத்தார். பொங்கல். சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட அந்தோனி லொறி இன்றைக்கு இல்லையாம், வருத்தப்பட்டார். பின்னால் பிள்ளைகள் சத்தம், பாத்திரச் சத்தம். ஒரு பெண் குரல், "நானாவுக்கு நானும் சலாம் சொன்னேன்னு சொல்லுங்க அப்பா." மகள்.

இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"முத்துராஜ், உப்புக் கொஞ்ச நாளைக்குப் போட வேணாம்."

"ஏங்க நானா?"

"கன்று களைச்சிருக்கு. கொஞ்ச நாள் போகட்டும். தண்ணி மட்டும் நல்லா ஊத்துங்க."

"சரிங்க நானா. எழுதிக்கிறேன்." அவ்வளவுதான். ஏன் என்று இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஓட்டையில்லாத தொட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மறுபடி எடுத்து, தொட்டியைச் சரித்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்றேன். அதற்கும் சரிங்க நானா.

பரீதா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 18, திங்கள்

பதினொன்று போய்விட்டன. மிச்சம் பதின்மூன்று.

மனேஜர் பத்து மணிக்கு. முதலாளி கொழும்பிலிருந்து வந்து ஆட்டம் போட்டாராம். ஒரு கடிதம் வேண்டும்: கன்றுகளைக் கொடுக்கும்போது நல்ல நிலையில்தான் இருந்தனவா, சாவதற்கு என்ன காரணம். தமிழிலேயே எழுதலாம், கிளார்க் வாசித்துச் சொல்லுவார். எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

நான் எழுதினது:

"கன்றுகள் யாவும் நோயற்றனவாகவும் நல்ல நிலையிலும் ஒப்படைக்கப்பட்டன. தென்னை கடுங்குளிரைத் தாங்காது. பராமரிப்பில் மிகுந்த கவனம் தேவை."

மூன்று வசனம். மூன்றும் உண்மை. எவரும் ஒன்றையும் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டேன். அப்படி உறுதி செய்துகொள்கிற மனிதன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்.

அனுப்பிவிட்டேன்.

பரீதாவிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் தெரியாது. "நல்ல எழுத்து," என்றாள். அதற்குப் பிறகு இன்று முழுக்கக் கதைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் கறிக்கு உப்பில்லை. வேண்டுமென்று செய்தாளா, மறந்தாளா, கேட்கத் துணிவில்லை.

ஜனவரி 20, புதன்

எதிர்பார்த்ததுதான்.

மு. காலை எட்டு மணிக்கு. வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டை விட வேண்டும். அக்கா வீட்டுக்குப் போகிறாராம், பழைய தோட்டத்து லயத்துக்கு. மகளுக்கு மறுபடி இரண்டு பஸ்.

"நானா எழுதுன கடுதாசியக் காட்டுனாங்க. படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நான் ஜன்னலத் தொறந்திருக்கக் கூடாதுங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்க. என்னாலதான் காப்பாத்த முடியாமப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க நானா."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆடு புகுந்த வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"புதுசா ஒருத்தர் வர்றாருங்க. உங்க நம்பரக் குடுத்திருக்கேன். மிச்சம் பதிமூணு நல்லாத்தான் நிக்குது, நீங்க வடிக்கச் சொன்னதுலேர்ந்து ரெண்டு புதுக்குருத்து விட்டிருக்கு. அவருக்கும் சொல்லிக் குடுங்க."

அக்கா வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாதாம். மேட்டில் ஏறினால்தான் எடுக்குமாம். மெசேஜ் போட்டால் எப்போதாவது வரும் என்றார். வைத்துவிட்டார்.

சீ.

ஜனவரி 21, வியாழன்

மனேஜருக்கு மூன்று தரம் எடுத்தேன். முதல் தரம் அவர் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் வேறு ஒருவர், மீட்டிங்காம். மூன்றாம் தரம் மணி அடிக்க முதலே நான் வெட்டிவிட்டேன்.

மு.வுக்கு: இணைப்பில் இல்லை.

உரிமட்டை வந்தது. நனைந்த மட்டை, பாதிக்குமேல் அழுகல். லொறிக்காரனோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன். பரீதா வெளியே வந்து, "அந்த ஆளோட ஏன் பாயிறீங்க," என்றாள். மூன்று நாளில் அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.

ஜனவரி 23, சனி

காலை, கிழக்கு வரிசையில் நின்றேன். தெரியாத நம்பர். புதுத் தோட்டக்காரர். இளம் குரல், பயந்த குரல். சலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நானா, இங்க பின்சுவத்துல பழைய ஆளு எல்லாம் எழுதி வச்சிருக்காருங்க. அதப் பாத்துத்தான் செய்யச் சொன்னாரு மனேஜர் ஐயா."

"ஓம்."

"மாசம் ஒரு பிடி உப்புன்னு இருக்கு. அப்புறம் அதை வெட்டிட்டு, ரெண்டு பிடி. அதுக்குக் கீழ, உப்புக் கொஞ்ச நாளைக்கு வேணாம், புத்தளம் நானா சொன்னதுன்னு இருக்குங்க."

"ஓம்."

"அந்தக் கொஞ்ச நாள் முடிஞ்சிருச்சுங்களா? இன்னிக்குப் போட்டுறவா? மூட்டையில பாதி இருக்கு."

போனைக் கையில் பிடித்தபடி வரிசைக் கடைசி வரைக்கும் நடந்தேன். அவர் லைன் வெட்டுப்பட்டதாக நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றார்.

"தம்பி, அந்த மூட்டையத் தூக்கி வெளிய வைங்க. ஒரு கல்லு உப்புக் கூடப் போட வேணாம், இன்றைக்கும் வேணாம், எப்பவும் வேணாம். கன்று செத்தது அதாலதான். போடச் சொன்னது நான். மனேஜர் இருக்கிறாரா?"

"இங்கதான் நிக்கிறாருங்க."

"குடுங்க."

சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம், மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் அதில் குறைவு. உப்புப் போடச் சொன்னது நான், மூட்டையை அனுப்பியதும் நான், ஜன்னலால் ஒன்றும் ஆகவில்லை, பதினொரு நாளாக எனக்குத் தெரியும். பதினொரு நாளா என்று கேட்டார். ஓம் என்றேன். கடிதம் எழுதும்போதும் தெரியுமா? ஓம். பிறகு, அதேபோல இதையும் எழுதித் தருவீர்களா என்றார். அந்த ஆளை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று நான் கேட்டேன். முதலாளியிடம் காட்டுகிறேன், வேறு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கோபப்படவில்லை. என்னோடு இனிக் கதைக்கவும் மாட்டார் என்று குரலில் தெரிந்தது.

எழுதினேன். பரீதா வாசித்தாள்.

"பராமரிப்பாளர் எண்டு எழுதியிரிக்கீங்க. அந்த மனிசனுக்குப் பேரில்லையா?"

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முத்துராஜ் என்று நான்கு இடத்தில். கண்ணாடி மண்டபத்தில் குளிரை ஒரு நாளும் உள்ளே விடாதவர் முத்துராஜ் என்றும், என் சொல்லை நம்பியதைத் தவிர அவர் பிழை ஒன்றும் இல்லை என்றும். கையெழுத்து, தேதி.

ளுஹருக்கு முதல் போட்டோ எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன். மனேஜருக்கு உடனே இரண்டு சரி அடையாளம் விழுந்து, பார்த்துவிட்டார் என்று நீலமாகிவிட்டது.

முத்துராஜுக்கு ஒரு சரி, இன்னும் போய்ச் சேரவில்லை. அஸருக்குப் பார்த்தேன், ஒன்று. பொழுது சாய்ந்து மஃரிபுக்கும் பார்த்தேன்.

ஒன்றுதான்.